கார்ன்வாலின் மேற்குக் கோடியில் காரில் ஒரு நாள்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், பென்சான்ஸ் நகரத்தில் தொடங்கி லேண்ட்ஸ் எண்ட் முனையைச் சுற்றிக்கொண்டு செயின்ட் ஐவ்ஸ் வரை செல்லும் கடற்கரைச் சாலையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் இந்தப் பகுதியில் வசிப்பவன். விசா, விமானச் சீட்டு, விடுதி பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்தவை சாலையும் கடலும் பழைய சுரங்கங்களுமே.

கேள்வி (ஹாரோ): ஐயா, ஆகஸ்ட் மாதத்தில் குடும்பத்தோடு பென்சான்ஸில் இரண்டு இரவுகள் தங்குகிறோம். நடுவில் கிடைக்கும் ஒரு முழு நாளில் காரில் சுற்ற வேண்டும். எந்தத் திசையில் போவது, எங்கெங்கே நிற்பது? கையில் இருக்கும் பட்டியலில் 14 இடங்கள் இருக்கின்றன.

பதில்: பதினான்கையும் ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். முழுச் சுற்றும் சுமார் 35 மைல்தான் என்பதால் நிறைய இடங்களைப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இந்தக் கரையின் அழகு சாலையிலிருந்து தெரிவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் காரை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரமாவது நடந்தால்தான் கடல் கண்ணில் படும். பதினான்கு இடங்களில் நிற்பவர் பதினான்கு கார் நிறுத்தங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

திசையைப் பொறுத்தவரை, பென்சான்ஸிலிருந்து தெற்கே இறங்கிக் கடிகார முள் சுற்றும் திசையில் செல்லுங்கள். காரணம் வெயில். போர்த்கர்னோ கடற்கரையின் மணல் பெரும்பாலும் சிப்பித் துகள்களால் ஆனது. காலை வெயில் அதன்மேல் விழும்போது நீர் பச்சையும் நீலமும் கலந்து ஒளிரும். செயின்ட் ஜஸ்ட் பக்கத்துச் சுரங்கக் கரையோ மேற்கு நோக்கியது. காலையில் அந்தப் பாறைகள் தம் நிழலிலேயே கிடக்கும். பிற்பகலில்தான் அவற்றின் செம்மையும் கருமையும் வெளியே வரும். செயின்ட் ஐவ்ஸிலிருந்து காலையில் புறப்படுகிறவர்கள் இரண்டையும் தவறான வேளையில் பார்க்கிறார்கள். அதோடு, ஆகஸ்டில் போர்த்கர்னோவின் கார் நிறுத்தம் முற்பகலிலேயே நிரம்பிவிடும்.

எனவே ஒன்பது மணிக்குள் போர்த்கர்னோ. மேலே பாறையைக் குடைந்து அமைத்த மினாக் திறந்தவெளி அரங்கைப் பார்ப்பதானால் முன்பதிவு வேண்டும். ரொவீனா கேட் என்ற பெண்மணி தம் தோட்டக்காரரோடு சேர்ந்து கைப்படக் கட்டிய அரங்கு அது. 1932இல் முதல் நாடகம் நடந்தது. நண்பகலில் சென்னென் கோவ் என்ற கடலோரச் சிற்றூர்; அங்கே காரை விட்டுவிட்டுப் பாறைமேல் பாதையில் லேண்ட்ஸ் எண்ட் வரை நடந்து திரும்புங்கள். பிறகு கேப் கார்ன்வாலில் சிறிது நேரம். மூன்று மணிக்குள் லெவன்ட் சுரங்கம். அங்கிருந்து சுமார் ஒரு மைல் நடந்தால் பொட்டாலக் என்ற இன்னொரு பழைய சுரங்கம். நாளின் பெரும்பகுதியை இங்கேதான் செலவிட வேண்டும். கடைசியாகப் பெண்டீனிலிருந்து ஸென்னார் வழியாகச் செயின்ட் ஐவ்ஸ் செல்லும் பி3306 சாலை. இருபுறமும் தெரியும் சிறுசிறு வயல்களின் கல் வரப்புகளில் பல 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. இன்றும் மாடுகள் அவற்றுக்குள்ளேதான் மேய்கின்றன. ஆகஸ்டில் இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும், அவசரப்பட வேண்டாம். செயின்ட் ஐவ்ஸிலிருந்து பென்சான்ஸ் திரும்ப அரை மணி நேரம் போதும்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): லண்டனிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, இதைப் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்ப முடியுமா?

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். ஒரு வழிக்கே 280 மைலுக்கு மேல். போக்குவரத்து நன்றாக இருந்தால் ஐந்து முதல் ஆறு மணி நேரம். கோடைச் சனிக்கிழமைகளில் அதற்கும் மேல். களைத்த கண்ணோடு இந்த ஒடுங்கிய சாலைகளில் ஓட்டுவது உங்களுக்கும் எதிரே வருகிறவருக்கும் ஆபத்து. விடுமுறை குறைவென்றால், பேடிங்டனிலிருந்து பென்சான்ஸ் வரும் இரவு ரயிலில் படுத்துறங்கி வந்து, இங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): மகனைப் பார்க்க வருகிறோம். என் இந்திய உரிமத்தோடு அங்கே காரோட்டலாமா? சாலைகள் கடினமானவையா?

பதில்: பிரிட்டனுக்கு வந்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை இந்திய உரிமத்தோடு காரோட்டலாம், இங்கேயும் இடப்பக்கம்தான். வாடகை நிறுவனத்தின் நிபந்தனைகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாலையைப் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் சாலையோரம் பச்சை வேலிபோலத் தெரிவது செடிவேலி அன்று. இருபுறமும் கருங்கல் அடுக்கி, நடுவில் மண் நிரப்பிய சுவர் அது; அதன்மேல் புல்லும் பெரணியும் பூச்செடிகளும் முளைத்துக் கல்லை மறைத்திருக்கும். எதிரே வண்டி வரும்போது ‘செடிதானே’ என்று நெருங்கி ஒதுங்குகிறவர்கள் பக்கக் கண்ணாடியை இழக்கிறார்கள், கதவையும் கீறிக்கொள்கிறார்கள். அகலம் போதாத இடத்தில் நின்றுவிடுங்கள். ஒதுங்கும் இடம் உங்களுக்குப் பின்னால் அருகில் இருந்தால் நீங்கள்தான் பின்னோக்கி எடுக்க வேண்டும். அதைப் பழகாதவர் இங்கே சாவியைக் கையில் வாங்கக் கூடாது. கோடையில் மாடிப் பேருந்துகளும் இதே சாலையில் வருகின்றன. பல இடங்களில் சட்டப்படி மணிக்கு 60 மைல் வரை செல்லலாம். ஆனால் வளைவுகளில் 25 மைலுக்கு மேல் ஓட்டினால் எதிரே நிற்கும் மாட்டைக் கண்டு பிரேக் போட நேரம் கிடைக்காது.

கேள்வி (லெஸ்டர்): உங்கள் திட்டத்தில் நாளின் பாதி இடிந்த சுரங்கக் கட்டடங்களுக்கே போய்விடுகிறது. கடலைப் பார்க்க வருகிறவர்கள் கூரையில்லாத சுவரையும் புகைபோக்கியையும் எதற்குப் பார்க்க வேண்டும்? அந்த நேரத்தில் செயின்ட் ஐவ்ஸின் கடற்கரைகளில் இருக்கலாமே?

பதில்: இந்தக் கேள்விக்கு நீளமாகவே எழுத வேண்டும். பெண்டீனிலிருந்து கேப் கார்ன்வால் வரையுள்ள அந்தச் சில மைல்களை விட்டுவிட்டால், இந்தக் கரை ஏன் இப்படி இருக்கிறது என்பதே விளங்காமல் போகும்.

இந்தத் தீபகற்பத்தின் அடித்தளம் கிரானைட். அது உருகிய குழம்பாக மேலெழுந்து பழைய களிப்பாறைகளைச் சுட்டுக் குளிர்ந்தபோது, விரிசல்களில் ஏறிய வெந்நீர் செம்பையும் வெள்ளீயத்தையும் அவற்றுள் படியவிட்டது. இரண்டு பாறைகளும் சந்திக்கும் கோடு செயின்ட் ஜஸ்ட் பக்கம் கடலோரமாகவே ஓடுகிறது. தாது இழைகளோ கரையோடு நிற்காமல் கடலுக்கடியில் செல்கின்றன. மனிதர்களும் அவற்றைத் தொடர்ந்து கடலுக்கடியில் சென்றார்கள். லெவன்ட் சுரங்கம் கரையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் கடலுக்கடியில் நீண்டது. புயல் நாள்களில் கடலடியில் பாறைகள் உருளும் ஓசை தலைக்குமேல் கேட்டதாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன.

பொட்டாலக்கில் கிரவுன்ஸ் என்று அழைக்கப்படும் இரண்டு இயந்திரக் கூடங்கள் மலைச்சரிவின் அடியில், அலைக்குச் சற்று மேலே நிற்கின்றன. இயந்திரத்தின் உருளையையும் கொதிகலனையும் அந்தச் சரிவில் எப்படி இறக்கினார்கள் என்று அங்கே நின்று யோசித்துப் பாருங்கள். மேலேயுள்ள கூடத்திலிருந்து சாய்வான சுரங்கம் ஒன்று கடலுக்கடியில் இறங்கியது. 1863இல் அதில் வண்டியை இழுத்த சங்கிலி அறுந்து எட்டுப் பேரும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் அதே சுரங்கத்தில் இறங்கிப் பார்த்தார்கள். அதன் பிறகு இந்த இடம் சுற்றுலாப் பயணிகளிடையே மேலும் புகழ்பெற்றது.

லெவன்ட்டில் நடந்தது இன்னும் கொடியது. ஆழம் அதிகமானதால், ஏணிக்குப் பதிலாகத் தொழிலாளர்களை ஏற்றி இறக்க ஓர் இயந்திரம் இருந்தது. செங்குத்துக் குழிக்குள் நீண்ட மரத் தண்டு ஒன்று மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும். அதில் சீரான இடைவெளியில் கால்வைக்கும் பலகைகள் பொருத்தியிருக்கும். தண்டு மேலே எழும்போது பலகையில் ஏறி, உச்சிக்கு வந்ததும் குழிச்சுவரில் இருக்கும் மேடைக்கு மாறி, அடுத்த அசைவுக்குக் காத்திருந்து மறுபடி ஏற வேண்டும். 1919ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி, வேலை முடிந்து ஆள்கள் வரிசையாக ஏறிவந்துகொண்டிருந்தபோது தண்டின் மேல் பிணைப்பு முறிந்தது. 31 பேர் மாண்டார்கள். சுற்றுவட்டாரத்தில் துக்கம் புகாத தெரு இல்லை.

அதே இடத்தில், 1840இல் கட்டப்பட்ட ஒரு நீராவி இயந்திரம் இன்றும் இருக்கிறது. தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்துத் துருவை நீக்கி, 1990களில் அதை மீண்டும் நீராவியில் ஓடவைத்தார்கள். அது ஓடும் நாளில் சென்றால் எண்ணெய் மணமும் அந்தப் பெரிய உத்தரத்தின் நிதானமான ஏற்ற இறக்கமும் உங்களை அசையவிடாது. 2006இல் யுனெஸ்கோ இந்தச் சுரங்க நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கேள்வி (மீண்டும் லெஸ்டர்): படித்தேன், நன்றி. ஆனால் மனிதர்கள் மாண்ட இடத்தில் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. குழந்தைகளுக்கும் இது சலிப்பாக இருக்குமே?

பதில்: முதல் தயக்கம் நியாயமானது, அதை மதிக்கிறேன். ஆனால் அங்கே போகாமல் இருப்பதால் இறந்தவர்களுக்கு எந்த மரியாதையும் சேர்ந்துவிடாது. செயின்ட் ஜஸ்ட், பெண்டீன் ஊர்க்காரர்கள் அந்தப் பெயர்களை இன்றும் மறக்கவில்லை. வருகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வதைத்தான் விரும்புகிறார்கள். படம் எடுப்பதற்குமுன் என்ன நடந்தது என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி (கவென்ட்ரி): லெஸ்டர் நண்பருக்கு ஒரு சொல்: எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அந்த நாளில் மிகவும் பிடித்தது, பெண்டீனில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கீவர் வெள்ளீயச் சுரங்கம்தான். தலைக்கவசம் போட்டுக்கொண்டு குனிந்து போனதை இன்னும் பேசுகிறார்கள். சலிப்பாக இருந்தது லேண்ட்ஸ் எண்ட். கார் நிறுத்தத்திற்குப் பணம், விளையாட்டரங்குகளுக்குப் பணம், கைகாட்டிக் கம்பத்தோடு படம் எடுக்கவும் பணம். அதைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடலாமே ஐயா?

பதில்: கீவரைப் பற்றி நீங்கள் சொன்னதில் மகிழ்ச்சி. 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தது. அதிலிருந்து மீள முடியாமல் 1990இல் கீவர் மூடப்பட்டது. தொழிலாளர்கள் உடைமாற்றும் கூடத்தை, அவர்கள் விட்டுப்போனபடியே வைத்திருக்கிறார்கள்: அலமாரிகள், அழுக்கேறிய மேலுடைகள், சுவரில் ஒட்டிய காகிதங்கள். அங்கே சிறிது நேரம் நில்லுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். வாரத்தில் சில நாள்கள் விடுமுறை உண்டு. போகும் நாளில் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லேண்ட்ஸ் எண்டைப் பொறுத்தவரை நான் உடன்படவில்லை. அங்கே கட்டணம் கட்டடங்களுக்கும் காருக்கும்தான், பாறைகளுக்கு இல்லை. அதனால்தான் சென்னென் கோவ் ஊரிலிருந்து நடந்து போகச் சொன்னேன். அந்தப் பாதை கட்டடங்களைத் தொடாமலே முனைக்குச் செல்கிறது. சதுரம் சதுரமாக வெடித்து, கல் தச்சர் அடுக்கியதுபோல நிற்கும் கிரானைட் தூண்களை இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாது. கடலில் சுமார் ஒன்றேகால் மைல் தொலைவில் லாங்ஷிப்ஸ் கலங்கரை விளக்கம் தெரியும். முனையில் இடப்புறம் திரும்பி இன்னும் பத்து நிமிடம் நடந்தால், கடலில் வளைவாகத் துளைபட்ட எனிஸ் டோட்னன் பாறை.

கேள்வி (டூட்டிங்): குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இங்கிலாந்தின் மேற்கு எல்லை கேப் கார்ன்வால்தான் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் அதைத்தானே முதன்மையாகப் பார்க்க வேண்டும்?

பதில்: நில அளவையர்கள் துல்லியமாக அளந்து வரைபடம் தயாரிக்கும் வரை அப்படித்தான் நம்பினார்கள். லேண்ட்ஸ் எண்ட் சற்று அதிகமாக மேற்கே நீண்டிருப்பது அதன் பிறகே உறுதியானது. ஆனாலும் கேப் கார்ன்வால் எனக்கு மிகவும் பிடித்த இடம். கூட்டம் இல்லை, கடைவரிசை இல்லை. குன்றின்மேல் பழைய சுரங்கத்தின் புகைபோக்கி மட்டும் மாலுமிகளுக்கு அடையாளமாக விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. 1987இல் ஹைன்ஸ் நிறுவனம் இந்த முனையை விலைக்கு வாங்கி நாட்டுக்கு அளித்தது. இரண்டில் ஒன்றுதான் என்றால் கேப் கார்ன்வாலைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் இடையே ஆறேழு மைல்தான் என்பதால் அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை வராது.

கேள்வி (கவென்ட்ரி): நீங்கள் இவ்வளவு சொன்ன பிறகும் லேண்ட்ஸ் எண்டில் ஏமாந்ததாகவே உணர்கிறேன்.

பதில்: காரில் போய்க் காரிலேயே திரும்பினீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை நடந்து போய்ப் பாருங்கள். இந்த விவாதத்தை இங்கே நிறுத்திக்கொண்டு மற்றவர்களின் கேள்விகளுக்குப் போகிறேன்.

கேள்வி (சென்னை): போர்த்கர்னோவுக்கும் இந்தியாவுக்கும் ஏதோ தொடர்பு உண்டென்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: உண்மை. 1870ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பம்பாயை லண்டனோடு இணைத்த கடலடித் தந்திக் கம்பித்தொடர் கரையேறிய இடம் போர்த்கர்னோ. முதலில் ஃபால்மவுத் துறைமுகத்தைத்தான் நினைத்திருந்தார்கள். அங்கே கப்பல்களின் நங்கூரங்கள் கம்பியை அறுத்துவிடும் என்ற அச்சத்தால், கப்பல் அண்டாத இந்தச் சிறிய வளைகுடா தேர்ந்தெடுக்கப்பட்டது. ஜிப்ரால்டர், மால்டா, சூயஸ், ஏடன் வழியாகச் செய்தி பம்பாய் சென்றது. கப்பலில் வாரக்கணக்கில் சென்ற செய்தி, சில நிமிடங்களில் போகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரை கடலடிக் கம்பி போடப்பட்டதால், சென்னைக் கரையும் அந்தத் தொடரில் ஒரு கண்ணியானது.

கடற்கரைக்கு மேலே இருக்கும் அருங்காட்சியகத்தில் அந்தக் காலக் கருவிகளை இயக்கிக் காட்டுகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சிலிருந்து காக்கக் கிரானைட்டைக் குடைந்து அமைத்த சுரங்க அறைகளுக்குள்ளேயே அதன் ஒரு பகுதி இருக்கிறது. மணலுக்கு மேலே ஒரு சிறிய வெள்ளைக் கட்டடம் தெரியும். கம்பிகள் கரையேறிய குடில் அது. கம்பியின் ஒரு துண்டை அருகிலிருந்து பாருங்கள்: நடுவில் மெல்லிய செம்பு, அதைச் சுற்றிக் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால், அதற்கு மேல் சணல், வெளியே இரும்புக் கம்பிக் கவசம். கட்டாபெர்ச்சா மலாயாக் காடுகளிலிருந்து வந்தது. அது இல்லாமல் கடலடித் தந்தியே இல்லை. இந்த இடத்தைக் கடற்கரையாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, என் மாமியார் முழுச் சைவம். வழியில் என்ன கிடைக்கும்?

பதில்: ‘கார்னிஷ் பேஸ்டி’ என்ற பெயரில் விற்பதில் மாட்டிறைச்சி கட்டாயம் இருக்கும். 2011 முதல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மஞ்சள் டர்னிப் ஆகியவை அதன் வரையறை. அதே கடைகளில் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்த பேஸ்டி கிடைக்கும். மேல்மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். ஸ்கோன், ஜாம், கட்டிப்பாலேடு எங்கும் உண்டு. செயின்ட் ஐவ்ஸில் கையில் வைத்துத் தின்றால் கடற்புறாக்கள் பிடுங்கிக்கொண்டு போய்விடும். உள்ளே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கேள்வி (இல்ஃபோர்ட்): ஒரே நாளில் லண்டனிலிருந்து போய்த் திரும்பும்படி ஒரு திட்டம் தர முடியுமா? நான் நன்றாக ஓட்டுவேன்.

பதில்: முடியாது. ஈஸ்ட் ஹாம் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (குரோய்டன்): கடலில் இறங்கலாமா? பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும்.

பதில்: உயிர்காப்பாளர்கள் சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் நட்டிருக்கும் இடத்தில், அந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். கொடி இல்லாத கரையில், நீச்சல் தெரிந்தாலும் இறங்க வேண்டாம். இழுப்பு நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையும் உள்ளே கொண்டுபோய்விடும். ஓதத்தையும், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதையும், கவனியுங்கள்: வற்றியிருக்கும்போது பாறையைச் சுற்றிக்கொண்டு அடுத்த சிறு கரைக்குப் போகிறவர்கள், ஓதம் ஏறும்போது திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். அன்றைய ஓத நேரத்தைக் காலையிலேயே பாருங்கள். ஆபத்தென்றால் 999க்கு அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேளுங்கள்.

கேள்வி (ரெடிங்): நல்ல படம் எடுக்கப் பொட்டாலக்கில் எவ்வளவு தூரம் விளிம்புக்குப் போகலாம்?

பதில்: போகவே வேண்டாம். புல் மூடிய விளிம்புக்குக் கீழே பாறை இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பாதையை விட்டு உள்ளே விலகினாலும் ஆபத்து உண்டு. பழைய சுரங்கக் குழிகள் புதருக்கடியில் இருக்கின்றன. வட்டமாகக் கல் கட்டி வேலியிட்டிருந்தால் உள்ளே குழி என்று பொருள். பாதையில் நின்றே இரண்டு கூடங்களும் முழுமையாகப் படத்தில் வரும்.

கேள்வி (பர்மிங்காம்): அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. எதை விடுவது?

பதில்: போர்த்கர்னோவிலிருந்து மினாக் ஏறும் படிகளை விட்டுவிடுங்கள், அரங்கின் வாசல் அருகிலேயே வண்டி நிறுத்த வசதி உண்டு. கீவரின் நிலத்தடிப் பகுதியில் குனிய வேண்டியிருக்கும், அது வேண்டாம். லேண்ட்ஸ் எண்டில் அம்மாவுக்காகக் கட்டணம் கொடுத்து உள்ளேயே நிறுத்துங்கள். முனைக்கருகே வரை நல்ல தளம் போட்டிருக்கிறார்கள். பொட்டாலக்கில் கார் நிறுத்தத்தை ஒட்டிய சமதளத்திலிருந்தே கடலும் புகைபோக்கிகளும் தெரியும்.

கேள்வி (சவுத்தால்): செயின்ட் ஐவ்ஸில் தொடங்கினால் என்ன?

பதில்: வெயில். முதல் பதிலில் விளக்கியிருக்கிறேன்.

கேள்வி (சவுத்தாம்ப்டன்): டார்செட்டின் ஜுராசிக் கடற்கரைக்கும் இதேபோல ஒரு திட்டம் தாருங்களேன்.

பதில்: அது வேறு பாறை, வேறு கடல். அந்தப் பக்கத்தில் வசிப்பவர்களைக் கேளுங்கள்.

கேள்வி (வாட்ஃபோர்ட்): பாப்லரில் இருக்கும் அண்ணனோடு சேர்ந்து இரவு இரண்டு மணிக்குக் கிளம்பினால், ஒரே நாளில்...

பதில்: முடியாது. ஓர் இரவாவது இங்கே தங்குங்கள்.

கேள்வி (எடின்பரோ): எங்களுக்கு இருப்பது ஒரே நாள். அன்று கடல் மூடுபனி இறங்கிவிட்டால் என்ன செய்வது?

பதில்: கோடையின் தொடக்கத்தில் அது அடிக்கடி நடக்கும். மேற்குக் கரை மூடியிருக்கும்போதே தெற்குப் பக்கம் தெளிவாக இருப்பதுண்டு. ஆகவே காலையில் பென்சான்ஸை ஒட்டிய மவுண்ட்ஸ் பே வளைகுடாப் பக்கம் எட்டிப் பாருங்கள். எங்கும் மூடியிருந்தால் கீவரின் நிலத்தடிச் சுற்றுலாவையும் போர்த்கர்னோ அருங்காட்சியகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பனியால் கெடாதவை. பி3306 சாலையை அன்று விட்டுவிட்டு, ஏ30 வழியாகவே திரும்புங்கள். விளக்கைத் தாழ்நிலையில் வையுங்கள்.